ஒரே எடை, இரண்டு வேகமா?

கேள்வி: கபடி வீரர்களுக்கு மணிக்கட்டு சென்சார் கட்டி ஸ்குவாட் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) வேகம் பார்க்கிறேன். ஒரே ஆள், ஒரே எடை. ஒரு தடவை விநாடிக்கு 0.62 மீட்டர், அடுத்த தடவை 0.48. கருவி பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. சென்சார் வேகத்தை நேராக அளப்பதில்லை. முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டிக் கணக்கிடுகிறது. தொடக்கத்தில் சிறு ஆட்டம் இருந்தாலும் பிழை பெருகிவிடும். ஒவ்வொரு தடவையும் இறங்குமுன் ஒரு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பட்டை தளர்ந்தாலும் மணிக்கட்டு மடங்கினாலும் எண் பொய்யாகும். எடைக் கம்பியில் மாட்டும் வகை சென்சார் இருந்தால் அதுவே மேல்.

வீரர் சோம்பலாக எழுந்தாலும் வேகம் குறையும். ‘முழு வேகத்தில் எழு’ என்று தொண்டை கிழியச் சொல்லத்தான் வேண்டும்! எண் நிலைப்பட்ட பிறகு, ஒரு செட்டில் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் தூக்கல்களில்) முதல் தூக்கல் 0.60 என்றால் 0.48க்குக் கீழே போனதும் நிறுத்துங்கள். அது 20 சதவீத வேக இழப்பு; போட்டிக் காலத்தில் 10 சதவீதம் குறைந்ததுமே நிறுத்தினால் போதும்.