ஃபுளூரினா, குளோரினா? ஹாலஜன் கேள்வி பதில்

வேலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுத்தவன் நான். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் அடங்கிய ஹாலஜன் குடும்பப் பாடத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

குடியாத்தம் மாணவி: சார், எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்கு 349, ஃபுளூரினுக்கு 328தான். அப்போ குளோரின்தானே வலுவான ஆக்ஸிஜனேற்றியா இருக்கணும்? புக்ல ஃபுளூரின்னு போட்டிருக்காங்களே?

நல்ல கேள்விம்மா. ஆக்ஸிஜனேற்றி என்றால் மற்றதிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது. நீ பார்த்தது வரவு செலவுக் கணக்கில் ஒரு வரிதான். எலக்ட்ரான் நாட்டம் என்பது தனியாக, வாயு நிலையில் நிற்கும் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கும்போது வெளிவிடும் ஆற்றல். ஆனால் ஹாலஜன் அணு தனியாக நிற்காது, ஜோடியாகத்தான் இருக்கும். முதலில் ஜோடியைப் பிரிக்கணும், அது செலவு. எலக்ட்ரானை வாங்கி அயனியானால் வரவு. அப்புறம் அந்த அயனி தண்ணீரில் இறங்கும்போது நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும், அதுவும் வரவு.

நோட்டை எடுத்துப் போட்டுப் பார். எல்லாம் ஒரு மோலுக்குக் கிலோ ஜூலில். ஃபுளூரின்: பிணைப்பு ஆற்றல் 158, ஓர் அணுவுக்கு அதில் பாதி, 79 செலவு. வரவு 328, நீரேற்றத்தில் 515. நிகர வரவு 764. குளோரின்: 242இல் பாதி 121 செலவு. வரவு 349, நீரேற்றத்தில் 381. நிகரம் 609. ஃபுளூரின் 155 முன்னால் நிற்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஃபுளூரின் அணு மிகச் சிறியது, எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. புதிதாக வரும் எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடி, அதனால்தான் 328. அதே நெருக்கத்தில் பக்கத்து அணுவின் எலக்ட்ரான் ஜோடிகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதனால் பிணைப்பு எளிதில் உடைகிறது. அயனி சிறியது என்பதால் தண்ணீரும் அதை இறுக்கிப் பிடிக்கிறது. உன்னைக் குழப்பியதும் ஃபுளூரினை ஜெயிக்க வைத்ததும் ஒரே காரணம்தான்.

ஆரணி, பெயர் போடவில்லை: அப்படிப்பட்ட ஃபுளூரினைத் தனியாகப் பிரித்தது எப்படி?

மின்சாரத்தால். ஃபுளூரைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க வேறு சாதாரண வினைப்பொருள் எதற்கும் பலம் போதவில்லை. 1886இல் பிரான்ஸின் வேதியியலாளர் மொய்சான், ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பொட்டாசியம் உப்பைக் கரைத்து மின்னாற்பகுத்துப் பிரித்தார். 1906இல் நோபல் பரிசு பெற்றார்.

வாணியம்பாடி மாணவர்: வலுவான தனிமம்னா அதோட அமிலமும் வலுவா இருக்கணுமே, ஹெச்.எஃப். (ஹைட்ரஜன் ஃபுளூரைடு) ஏன் வலிமை குறைந்த அமிலம்?

தண்ணீரில் ஹைட்ரஜனை எளிதில் விட்டால்தான் வலுவான அமிலம். இங்கே ஹைட்ரஜனோடு ஃபுளூரினின் பிணைப்பு அவ்வளவு கெட்டி, தம்பி. ஹெச்.எஃப்.-ஐ உடைக்க மோலுக்குச் சுமார் 570 கிலோ ஜூல், ஹெச்.ஐ.-க்கு (ஹைட்ரஜன் அயோடைடு) சுமார் 295 போதும். ஃபுளூரைடு நீரேற்றத்தில் வரும் பெரிய வரவும் இந்தச் செலவை ஈடுகட்டாது. ஆனால் 'வலிமை குறைந்த' என்ற சொல்லை நம்பித் தொட்டுவிடாதே. அது கண்ணாடியையே அரிக்கும், தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காட்பாடி, குடும்பத் தலைவி: சம்ப்ல பிளீச்சிங் பவுடர் போடறோம். டாய்லெட் ஆசிட்டும் பக்கத்துலயே இருக்கு. பரவாயில்லையாங்க?

இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கம்மா. ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பாதிக்கும். பவுடரை ராத்திரியில் போடுங்கள், திறந்த சம்ப்பில் வெயில் பட்டால் வீரியம் போய்விடும். பாக்கெட்டைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இல்லாமல் ஈரக் கட்டியாக இருந்தால், அதில் வேலை செய்ய வேண்டிய குளோரின் ஏற்கெனவே பறந்துவிட்டது.

ஆம்பூர்: தோல் ஷெட் பக்கத்துல இருக்கோம். கிணத்துத் தண்ணி உப்பு. குளோரைடு அதிகம்னு ரிப்போர்ட். காய்ச்சினா குளோரின் போயிடுமா சார்?

போகாது. தோலைப் பதப்படுத்தப் போட்ட உப்பிலிருந்து வந்திருக்கக்கூடிய குளோரைடு அது, எலக்ட்ரானை வாங்கி அமைதியான அயனி. வாயுக் குளோரினைப் போல ஓடாது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு இன்னும் கெட்டியாகும். ஆர்.ஓ.-வில் போட்டால் குறையும். அதிலிருந்து கழிவாக வரும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.