அம்பாப் பாட்டில் கத்தரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் தாத்தா கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை அவர் பாட, செல்போனில் 40 நிமிடம் பதிவு செய்தேன். இருமல், மறந்துபோன வரி, நடுவில் மீன்காரம்மாவோடு பேச்சு எல்லாம் அதில் உண்டு. ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு, அமைதியைத் தானாக வெட்டும் வசதியை ஓடவிட்டு, துண்டுகளை முன்பின்னாக மாற்றி ஒட்டினேன். 11 நிமிடம் வந்தது. ஒட்டிய இடமெல்லாம் 'டக்' என்கிறது. தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். "யார்றா இவன், இந்த ஓட்டம் ஓடுறான்?" என்றார். எங்கே தவறினேன்?

வி., கடலூர்

அன்புள்ள வி.,

தாத்தாவை விடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கேட்டுவிட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

'டக்' சின்ன விஷயம். ஒலியலை ஏறி இறங்கும்போது நடுவில் வெட்டினால் அடுத்த துண்டு வேறொரு உயரத்தில் தொடங்கும். அந்தத் தாவல்தான் காதில் அடிக்கிறது. இரண்டையும் 10 மில்லிசெகண்ட் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, முந்தையது தேய அடுத்தது எழும்படி கிராஸ்ஃபேட் கொடுங்கள். அப்படியும் ஒட்டு தெரிந்தால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஒரு துண்டில் அது ஓடும், அடுத்ததில் ஓடாது. யாரும் பேசாத சில விநாடிகளை எடுத்து இன்னொரு டிராக்கில் அடியில் விரித்துவிட்டால் சரியாகும்.

ஓட்டம்தான் பெரிய விஷயம். அம்பா தனியாள் பாட்டு அல்ல. ஒருவர் வரி எடுப்பார். கயிற்றைப் பிடித்தவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். தாத்தா தனியாக உட்கார்ந்து பாடும்போதும் அந்த ஆட்களுக்கு இடம் விட்டுத்தான் பாடியிருப்பார். மென்பொருளுக்கு அதெல்லாம் வெறும் அமைதி. நீங்கள் கத்தரித்தது கயிறு பிடித்தவர்களை.

நல்லவேளை, ரீப்பரில் வெட்டினால் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. திரையில் தெரியும் துண்டு, கோப்பில் எங்கிருந்து எதுவரை வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. கோப்பை அழிக்காதவரை விளிம்பைப் பிடித்து இழுத்தால் போனது திரும்ப வரும். ரிப்பிள் எடிட்டிங்கைப் போட்டுக்கொண்டு துண்டை நகர்த்துங்கள். பின்னால் இருப்பவை சேர்ந்தே நகரும். ஸ்னாப்பை அணைத்துவிடுங்கள். அது துண்டைத் திரையிலுள்ள சம இடைவெளிக் கட்டத்தில் கொண்டுபோய் ஒட்டும். தாத்தாவின் தாளம் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது.

நானும் ஒருமுறை நாகசுரக்காரர் ஒருவரின் பேட்டியிலிருந்து மூச்சையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். கேட்ட அவர் மகள், "அப்பா மூச்சே விடலையே" என்றார். அதிலிருந்து மூச்சுக்கு முன்னால்தான் வெட்டுகிறேன்.

இருமலை எடுங்கள், தப்பிய வரியை எடுங்கள். வரிசையை மட்டும் தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அடுக்குங்கள். வலை தூரத்தில் இருக்கும்போது எது, மீன் சேரும் மடி கரையை நெருங்கும்போது எது என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், அந்த மீன்காரம்மாவின் பேச்சைத் தனியாக எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா?