காரில் போன வழியில் சைக்கிளில் போகாதீர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நகருக்குள் போய்வரக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். வீட்டிலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர். முதல் நாள் சட்டை முழுக்க நனைந்து போய்ச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் ஒரு லாரி என்னை உரசுவதுபோல் கடந்தது. கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மூன்றாம் நாள் மேலதிகாரி வாசலில் பார்த்துவிட்டு, "கார் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான்காம் நாள் காரை எடுத்துவிட்டேன். சைக்கிள் தூசி படிந்து நிற்கிறது. எனக்கு 46 வயது. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் கார் வேண்டும். இது எனக்குச் சரிப்படாது என்று தோன்றுகிறது. சைக்கிளை விற்றுவிடட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்க வேண்டாம். கடிதத்தில் எல்லாவற்றையும் சொன்ன நீங்கள், எந்த வழியாகப் போனீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. காரில் போகும் அதே வழியாகத்தான் போயிருப்பீர்கள். இல்லாவிட்டால் அந்த லாரி உங்கள் பக்கத்தில் வந்திருக்காது.

நானும் அதைத்தான் செய்தேன். 16 ஆண்டுகள் கார் ஓட்டியவனுக்கு நகரம் என்றால் நாலைந்து பெரிய சாலைகளும் அவற்றை இணைக்கும் மேம்பாலங்களும்தான். சைக்கிளில் ஏறிய பிறகும் கை தானாக அந்தப் பக்கமே திரும்பியது. ஐந்து வாரம் அப்படிப் போனேன். ஒரு நாள் காலை, ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு எனக்கு நேர் முன்னால் திறந்தது. விழுந்ததில் முழங்கை தேய்ந்து தோல் உரிந்துவிட்டது. கதவைத் திறந்தவர் பதறிப்போய்க் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை ஆண்டுகளும் நானும் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல்தான் கதவைத் திறந்திருக்கிறேன்.

காயம் ஆறியபின் ஒரு விடியற்காலை மறுபடி கிளம்பினேன். செய்தித்தாள் போடுபவர் ஒருவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெரிய சாலைக்குச் சற்று முன்பே சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பினார். என்ன தோன்றியதோ, நானும் பின்னாலேயே போனேன். ஒரு பள்ளியின் பின்சுவர், சுவரை ஒட்டி ஒரு கால்வாய், அதன் குறுக்கே குறுகலான ஒரு பாலம். பாலத்தின் முகப்பில் இரண்டு கல்தூண்கள் நட்டிருந்தார்கள். ஓர் ஆள் போகும் அளவுக்குத்தான் இடைவெளி. அவர் வேகத்தைக்கூடக் குறைக்காமல் புகுந்து போய்விட்டார். நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். மறுபுறம் நீளமான ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரங்கள். செயின் ஓடும் சத்தம் அன்றுதான் முதல்முறையாக என் காதில் விழுந்தது. அந்தத் தெரு அலுவலகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் விட்டது. சுற்று வழிதான், ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல். ஆனால் அந்த ஒன்றரை கிலோமீட்டர் இல்லையென்றால் நானும் சைக்கிளை விற்றிருப்பேன்.

உங்கள் நகரத்திலும் அப்படி ஒரு வழி இருக்கும். பெரிய சாலைக்கு இணையாக ஒன்றிரண்டு தெரு தள்ளித் தேடுங்கள். வரைபடத்தில் பார்ப்பது போதாது, விடுமுறை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். வண்டிகள் மெதுவாகப் போகும் தெருவாக இருக்க வேண்டும், அது முக்கியம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதும் ஆற்றல், அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. நீங்கள் தேட வேண்டியது குறைந்த தூரத்தை அல்ல, குறைந்த வேகத்தை.

எவ்வளவு தேடினாலும் பெரிய சாலையில் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டியிருக்கும். அங்கே, நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி ஓட்டுங்கள். பயத்தில் ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒதுங்க ஒதுங்க, அந்த இடைவெளியில் நுழைந்துவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். திரும்பப்போகும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். அந்த இடத்தில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. லாரி போகட்டும் என்று பின்னால் காத்திருங்கள், எத்தனை நேரமானாலும்.

கை நடுங்கியதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அது கோழைத்தனம் இல்லை. சாலையை அப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள். இன்று சைக்கிள் நாடு என்று எல்லோரும் சொல்லும் நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் கார்களுக்காகத்தான் தெருக்களை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் பாதுகாப்பான சைக்கிள் பாதைகள் வரத் தொடங்கின. அந்த மக்கள் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள் என்பதல்ல. பயப்படத் தேவையில்லாத தெருக்களைக் கேட்டு வாங்கினார்கள். நமக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்டு, அது வந்து சேரும்வரை சந்துகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

வியர்வைக்கு வருகிறேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உங்களுக்கு 21 நிமிடம் ஆகும், 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 28 நிமிடம். வித்தியாசம் ஏழே நிமிடம். ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போக ஒவ்வொரு நொடியும் உடம்பு கொடுக்கும் உழைப்பு, 20இல் போகும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. கார் ஓட்டிய மனம், பக்கத்தில் போகும் வண்டிகளோடு ஈடுகொடுக்கப் பார்க்கும். உங்கள் சட்டை நனைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஏழு நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுங்கள். மாற்றுச் சட்டை ஒன்றை அலுவலகத்தில் வைத்திருங்கள்.

சீட்டையும் ஒருமுறை பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீட்டமாக நிற்க வேண்டும். முழங்கால் மடங்கினால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தாழ்வாக வைத்துக்கொண்டு, கால் வலிக்கிறது என்று வயதைக் குறை சொல்கிறார்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; எளிதாக அமுங்கினால், காற்று குறைந்த அந்த டயரைத்தான் மூன்று நாளும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

46 ஒரு வயதே இல்லை. பிரிட்டனில் நடுவயதுக்காரர்கள் உட்பட 2,60,000 பேருக்கு மேல் ஆராய்ந்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. வேலைக்குச் சைக்கிளில் போனவர்களில் இறப்பு அபாயம், கார் அல்லது பஸ், ரயிலில் போனவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிளை எடுப்பவர்கள் முன்பே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாதாரணமான வித்தியாசம் இல்லை.

மேலதிகாரி இன்னும் இரண்டு முறை கேட்பார். பிறகு பழகிவிடும்.

காரை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளிலும் கொட்டும் மழையிலும் காரை எடுப்பதில் ஒரு தவறும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள் என்று தொடங்குங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன், முழுதாக மாற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, தூசியைத் துடைத்து, காற்றடித்து, பெரிய சாலையைத் தொடாமல் அலுவலக வாசல்வரை போக முடிகிறதா என்று பாருங்கள். எந்த இடத்தில் வழி அடைபட்டது, எங்கே இறங்கித் தள்ள வேண்டியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மீதி வழியைச் சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்