பதில்: சிங்கப்பூர் துவாஸ் சைட்ல இருந்து அனுப்புற மெயில் திரும்பி வருது

தம்பி, சூப்பர்வைசர் ஆனதுல இருந்து நீங்க அனுப்புற ரிப்போர்ட் எல்லாம் 'டென்ஸ் (வினைச்சொல்லோட காலம்) தப்பு'ன்னு திரும்பி வருதுன்னு எழுதியிருந்தீங்க. நீங்க போட்டிருந்த வரியையே பார்ப்போம்: 'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே'. தமிழ்ல 'நேத்தே அனுப்பியிருக்கேன்'னு தாராளமா சொல்லலாம். அந்தப் பழக்கம்தான் காலை வாருது. ஆங்கிலத்துல நேத்து, போன வாரம், காலையில 9 மணிக்குன்னு முடிஞ்சுபோன நேரத்தைச் சொல்லிட்டா 'ஹேவ்' வராது. 'ஐ சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே', அவ்வளவுதான். நேரமே சொல்லலைன்னா 'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்' சரி. நீங்க காட்டின தப்புல பாதி இதுதான்.

'யூ மஸ்ட் ரிப்ளை டுடே'ன்னு எழுதினா அதட்டுற மாதிரி இருக்கும். 'குட் யூ ப்ளீஸ் ரிப்ளை பை 5 பிஎம்?' போடுங்க. 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபௌட்' வேண்டாம். சிங்கப்பூர்ப் பேச்சுல கடைசியில சேர்க்குற 'லா' காப்பிக்கடையோட நிக்கட்டும் (எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேற).

இங்கிலீஷ் கிளாஸுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் தர்ற தொகை) கிடைக்குமான்னு கேட்டீங்க. அது 25 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான். உங்களை மாதிரி எஸ் பாஸ்ல (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறவங்களுக்குக் கிடைக்காது. 'வாங்கித் தரேன்'னு யார் வந்தாலும் காசு கொடுத்துடாதீங்க. இப்போதைக்கு உங்க எஞ்சினியர் மெயில்ல வர்ற நல்ல வரிகளை நோட்டுல எழுதி வச்சு, தேதி, பொருள் பேரை மட்டும் மாத்திப் பயன்படுத்துங்க.