படகுத் தரை பொதபொதங்குதுங்களா? ஃபைபர் பட்டறைக்காரர் பதில் சொல்றார்

போன மாசம் பழைய ஃபைபர் படகைப் பத்தி ரெண்டு வரிதானுங்க எழுதுனேன், அதுக்கே இத்தனை கடுதாசி வந்திருக்குது. மேட்டூர், பவானிசாகர், அமராவதின்னு அணைக்கட்டுப் பக்கமிருந்துதான் நெம்ப. எல்லாத்தையும் போட எடமில்லை, ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேத்து பதில் எழுதியிருக்கறேன்.

கேள்வி: அண்ணா, நாகப்பட்டினம் பக்கமிருந்து 18 அடி பழைய ஃபைபர் படகு ஒண்ணு வாங்கியாந்தோம், மீன் புடிக்கறதுக்கு. வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப நடுத்தரையில கால் வெச்சா பொதக்குன்னு எறங்குது. மேல 12 மில்லி பிளைவுட்டைப் போட்டு ஸ்க்ரூ அடிச்சு ஒரு கோட்டிங் மேட் (ஃபைபர் நூல் விரிப்பு) ஒட்டிட்டா போதும்னு சொல்றாங்க, சரிங்களா? - பூலாம்பட்டி வாசகர்

வேண்டாந் தம்பி. கும்புட்டுக் கேக்கறேன், அதை மட்டும் பண்ணீராதீங்க.

பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே மாதிரிதான் வந்து நின்னாரு, அவசரம்னாரு, நானும் சரின்னு மேலயே பலகை வெச்சு மூடி பளபளன்னு பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு மழைக்காலம் தாண்டல, படகு திரும்பி வந்துருச்சு. நாலு பேரு தூக்குற படகை எட்டுப் பேரு சேந்தும் அசைக்க முடியல. தரையில ஒரு ஓட்டை போட்டேன் பாருங்க, ட்ரில் பிட்டை வெளிய எடுக்கறதுக்குள்ள காப்பித்தண்ணி கலர்ல தண்ணி பின்னாடியே வந்துச்சு, ஒரு புளிச்ச நாத்தம் வேற. வெட்டித் தொறந்தா பழைய பிளைவுட்டு ஊறவெச்ச கடலைப்புண்ணாக்கு மாதிரி கையில பிசுபிசுன்னு வருது, நான் மேல போட்ட புதுப் பலகையும் அடிப்பக்கம் கறுத்துப் போச்சு. அன்னிக்கிருந்து மூடுற வேலையை நான் எடுத்துக்கறதே இல்லீங்க.

காரணம் என்னன்னா, தரைங்கறது ஒத்தைப் பலகை கெடையாது. நடுவால பிளைவுட்டு, மேலயும் கீழயும் ஃபைபர் தோல். பலகையை மக்க வெக்கறது ஒரு பூஞ்சை, அது உசுரோட இருக்க ஈரம் வேணும், மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அது வளராது. ஆனா சீட்டு ஸ்க்ரூ, கொக்கி, கைப்பிடி போல்ட்டு இப்படி எதோ ஒரு ஓட்டை வழியா உள்ள போன தண்ணி ரெண்டு தோலுக்கும் நடுவுல மாட்டிக்கும், வெளிய வர வழியே இல்லை. நீங்க மேல இன்னொரு மூடி போட்டீங்கன்னா அந்த ஈரத்தைப் பூட்டி வெச்ச மாதிரி ஆயிரும், பத்தாததுக்கு இருபது முப்பது ஸ்க்ரூ ஓட்டை புதுசா வேற. இன்னொண்ணு, கடல்ல ஓடுன படகு இங்க வந்து சீக்கிரம் கெடுதேன்னு ஆச்சரியப்படாதீங்க. உப்பு அந்தப் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும், கருவாடு கெடாம இருக்கற கணக்குத்தான். ஆத்துத்தண்ணியும் மழைத்தண்ணியும் அப்படி இல்லீங்க, மரத்துக்கு நல்லதண்ணிதான் எமன்.

2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத்துல ஃபைபர் படகு ஏராளமா எறங்குச்சு, அந்தக் காலத்துப் படகுக்கெல்லாம் இப்ப இருவது வயசு. உங்களுதும் அந்த வயசுன்னா தரையை மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க. ஒரு ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால தரை முச்சூடும் அரையடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க, நல்ல எடம் டக்டக்குனு கெட்டியாக் கேக்கும், கெட்ட எடம் பொத்துன்னு செத்த சத்தமா கேக்கும், அப்படிச் செத்த சத்தம் வர்ற எடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போடுங்க. அப்புறம் எஞ்சின் மாட்டுற பின்பலகை. எஞ்சினைப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டும்போது ஒராளு பின்பலகையையே பாத்துக்கிட்டு நிக்கோணும், அது கூடவே வளையுதுன்னா அதுவும் போச்சுன்னு அர்த்தம், அதைச் சரி பண்ணாம எஞ்சின் மாட்டிப் போகவே கூடாது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவுல காவேரி எத்தனை ஆழம்னு உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா, ஆளையும் பைக்கையும் ஏத்திக்கிட்டு படகு போயிட்டு வர்ற தண்ணி அது.

கேள்வி: சரி, வெட்டித்தான் ஆகோணும்னா எங்க ஆரம்பிக்கறது, எப்படி வெட்டறது? - மேட்டூர்ல இருந்து ரெண்டு பேர்

வெட்டறதுக்கு முன்னாடி படகை உக்கார வெக்கற வேலை இருக்குதுங்க, முக்காவாசிப் பேரு இதைத்தான் உட்டுர்றாங்க. தரையும், அதுக்கு அடியில நீளவாக்குல தாங்குற அடிக்கட்டையும் இருக்கற வரைக்கும்தான் படகுக்கு வடிவம், அது ரெண்டையும் எடுத்துட்டா வெறும் முறம் மாதிரி விரிஞ்சுக்கும். விரிஞ்ச நெலமையில புதுத்தரையை ஒட்டுனீங்கன்னா அந்தக் கோணல் அப்படியே நின்னுபோயிரும், ஓட்டறப்ப ஒருபக்கமா இழுக்கும். அதனால சமதளத்துல வெச்சு, அடியில மூணு நாலு எடத்துல முட்டுக் குடுத்து, ரெண்டு பக்க விளிம்புக்கும் குறுக்கால ஒரு கட்டை கட்டிட்டுத்தான் ரம்பத்தைத் தொடோணும். அளவெல்லாம் எழுதி, போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க.

வெட்டும்போது ஓரத்துல 2 அங்குலம் பழைய தரையை விட்டுட்டு வெட்டுங்க, அந்த ஓரம்தான் நாளைக்குப் புதுப் பலகை எந்த உசரத்துல உக்காரோணும்னு காட்டும். வட்ட ரம்பத்தோட பிளேடை 15 மில்லிக்கு மேல எறக்காதீங்க, பலகை 12, தோல் 3, அவ்வளவுதான். ஆழமாப் போச்சுன்னா அடிக்கட்டையையோ படகோட அடித்தோலையோ கீறீரும். பழைய தரை நல்ல துண்டா வந்துச்சுன்னா தூக்கி எறியாதீங்க, புதுப் பலகைக்கு அதுதான் வரைபடம்.

தொறந்தவொடனே உள்ள ஃபோமோ தெர்மோகோலோ இருக்கும். ஒரு துண்டு வெட்டிக் கையில தூக்கிப் பாருங்க. ஒரு கன அடித் தண்ணி 28 கிலோ, ஊறுன ஃபோம் கிட்டத்தட்ட அந்த வெயிட்டுக்கே வந்துரும். மெதக்க வெக்கோணும்னு வெச்சதே படகை முழுக வெச்சுக்கிட்டு இருக்குது. மொத்தத்தையும் எடுத்துருங்க. அப்புறமா நீளவாக்குல ஓடுற அடிக்கட்டைக்கு வாங்க, அதை ஒரு ஆணியால குத்திப் பாத்து, கெட்டுப்போயிருந்தா ஒண்ணு ஒண்ணாத்தான் மாத்தோணும், ஒண்ணை எடுத்து புதுசு வெச்சு காஞ்சதுக்கு அப்புறம்தான் அடுத்தது. ரெண்டையும் ஒரேயடியா புடுங்காதீங்க.

அப்புறம் காய வெக்கறது. இதுக்குப் பொறுமை வேணும், ரெண்டு வாரம் ஆனாலும் ஆகும். காஞ்சுதான்னு தெரியோணும்னா ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டு ராத்திரி ஒட்டி வெச்சுட்டுப் போங்க, காலையில அடியில வேர்த்திருந்துச்சுன்னா இன்னும் ஈரம் இருக்குது.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரரு எபாக்ஸிதான் நல்லதுங்கறாரு, கடைக்காரரு சாதா ரெசினே போதும்ங்கறாரு. வெலையப் பாத்தா தலை சுத்துது. எதுங்க வாங்கறது? - குமாரபாளையம் வாசகி

ரெண்டு பேரு சொல்றதுலயும் நெசம் இருக்குதுங்க அம்மணி. ரெண்டுமே மேட்டை ஊறவெச்சு கெட்டியா ஒட்டற ரெசின்தான், சாதா ரெசின்னு கடைக்காரரு சொல்றது பாலியெஸ்டர். பழைய ஃபைபர் மேல ஒட்டிப் புடிக்கற விசயத்துல எபாக்ஸிதான் மேல, பலகைக்கும் அதுதான் நல்லாப் புடிக்கும். ஆனா பாலியெஸ்டர்லயும் ஒழுங்கா தேய்ச்சு ஒட்டுனா தரை பல வருசம் நிக்கும், அந்தப் படகே அதுல செஞ்சதுதானுங்களே. காசு அளவா இருந்துச்சுன்னா பின்பலகைக்கும் அடிக்கட்டைக்கும் மட்டும் எபாக்ஸி, தரைக்கு பாலியெஸ்டர்னு பிரிச்சுக்கலாம், ஆனா ஒரே எடத்துல ரெண்டும் சேர்ற பக்கம் சாக்கிரதை: பாலியெஸ்டர் மேல எபாக்ஸி ஒட்டும், எபாக்ஸி மேல பாலியெஸ்டர் நம்பி ஒட்ட முடியாது, பேந்து வந்துரும்.

எபாக்ஸி எடுத்தீங்கன்னா கடையில குடுக்கற வழக்கமான பஞ்சு மேட்டை வாங்காதீங்க. அந்த மேட்டுல நூலை ஒட்டி வெச்சிருக்கற பசை பாலியெஸ்டர்ல இருக்கற ஸ்டைரீன் பட்டாத்தான் கரையும், எபாக்ஸியில கரையாது, மேட்டு மொடமொடன்னு நிக்கும். நெய்த துணியா, தைச்ச துணியா கேட்டு வாங்குங்க.

எத்தனை வாங்கறதுன்னு கணக்கும் கேட்டிருந்தீங்க. 10 அடிக்கு மூணரை அடி தரைன்னு வெச்சுக்கலாம், 35 சதுர அடி, அதாவது மூணேகால் சதுர மீட்டர். மேல ரெண்டு, கீழ ஒண்ணுன்னு சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு மூணு படிமானம் போட்டா மேட்டு நாலரைக் கிலோ, அதுக்கு ரெண்டரை மடங்கு ரெசின் 11 கிலோ, பலகை குடிக்கறதையும் ஓரத்தையும் சேத்து 15 கிலோன்னு வாங்கிக்கோங்க. 8-க்கு 4 பலகை ரெண்டு வேணும்.

கேள்வி: பலகை எது? டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போட்டா மக்கவே மக்காதாமே. - கோபி வாசகர்

மக்காதுதான், ஆனா ரெசின் அதுல சரியாப் புடிக்காது, ஒரு ஓரத்தைக் கெளப்புனா தோலு உரிச்ச மாதிரி வந்துரும். வளைவைத் தாங்கற பலமும் பிளைவுட்டளவுக்கு இல்லை. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட்டு வாங்குங்க. ஐ.எஸ். 303-ன்னு இருக்கறது வீட்டுச் சாமானுக்கு. ஆனா ஒண்ணு மனசுல வெச்சுக்கோணும், மரைன் பிளைவுட்டுல தண்ணிக்கு நிக்கறது பசைதான், மரம் மரம்தான், ஈரம் புடிச்சா அதுவும் மக்கும். ஆறு பக்கமும் ரெசின் குடிக்க வெக்கோணும், முக்கியமா வெட்டுன ஓரம், அதுதான் ஸ்ட்ரா போட்ட மாதிரி தண்ணியை உறிஞ்சும். ஓரத்துக்கு மூணு தடவை பூசுங்க.

கேள்வி: போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெசின் கலக்குனேன், ரெண்டாவது மேட்டு போடறதுக்குள்ள வாளியிலயே கெட்டியாகி பொகை வந்துருச்சு. - பவானிசாகர் வாசகர்

சித்திரை வெயில்ல மத்தியானம் கலக்குனா அப்படித்தானுங்க ஆகும். காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்பதுக்குள்ள முடிச்சுருங்க. பாலியெஸ்டருக்கு ஹார்ட்னர் (ரெசினைக் கெட்டியாக்கற மருந்து) கிலோவுக்கு 10 மில்லி லிட்டர், அதாவது ஒரு சதவீதம், வெயில் காலத்துக்கு அது போதும். சூட்டுக்குப் பயந்து அதுக்கும் கீழ கொறைச்சீங்கன்னா உள்ள சரியா வேகாம பிசுபிசுன்னே நிக்கும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல கலக்காதீங்க, கலக்குனதை அகலமான தட்டுல ஊத்திக்கோங்க, வாளியில குமிஞ்சு கெடந்தா அதோட சூடே அதைக் கெட்டியாக்கிரும்.

இதைக் கவனமாப் படிங்க. சில கடையில ரெசின் தனி, கோபால்ட் (காயறதை வேகப்படுத்தற மருந்து) தனி, ஹார்ட்னர் தனின்னு மூணா குடுப்பாங்க. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒண்ணோட ஒண்ணு நேரடியா கலந்தா தீப்புடிச்சு வெடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல போட்டு நல்லாக் கலக்கிட்டு அப்புறம்தான் ஹார்ட்னர். ஒரே கரண்டியை ரெண்டு டப்பாவுலயும் விடக்கூடாது. முடிஞ்சா கோபால்ட் கலந்த ரெசினாவே கேட்டு வாங்கீருங்க. ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிரும், கண்ணாடி போடாம மூடியைத் தொறக்காதீங்க. எங்கிட்ட வேலை பழகுற பையனுகளுக்கு மொத நாள் சொல்லித் தர்றதே இதுதான்.

கேள்வி: கிரைண்டர் வெச்சு தேச்சதுல ஒடம்பு முச்சூடும் அரிப்பு. தேய்க்காம ஒட்ட முடியாதா? - உடுமலை வாசகர்

முடியாதுங்க. பழைய பளபளப்பு மேல எதை ஒட்டுனாலும் நிக்காது. 40-ம் நம்பர் தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, அசிட்டோன்ல தொடச்சுட்டு ஒட்டுங்க. பழைய தோலையும் புதுசையும் சேக்கற எடத்துல செங்குத்தா விட்றாதீங்க, 3 மில்லி தோலுக்கு 36 மில்லி தூரம் சரிவா தேய்க்கோணும், வரப்பு எறங்குற மாதிரி. தரையும் படகுச் சுவரும் சேர்ற மூலையில புட்டி வெச்சு விரலால உருட்டி வளைவு பண்ணிட்டு அதுமேல 4 அங்குலம், அப்புறம் 6 அங்குலம்னு மேட்டுப் பட்டை ஒட்டோணும். மேட்டு நேர் மூலையில படியாது, அடியில காத்து நிக்கும்.

அரிப்புக்கு முழுக்கைச் சட்டை, கழுத்துல துண்டு, நல்ல முகமூடி. வெந்நீர்ல குளிக்காதீங்க, பச்சத்தண்ணிதான். அந்தத் துணியை வீட்டுத் துணியோட போட்டுத் தொவைக்காதீங்க, கொழந்தைங்களுக்கு அரிக்கும்.

கேள்வி: பழைய தெர்மோகோல் நல்லாத்தான் இருக்குது, அது மேலயே ரெசின் பூசிக்கலாங்களா? - மேட்டூர்

பாலியெஸ்டர் பட்டவொடனே தெர்மோகோல் கரைஞ்சு குழியாயிரும். தண்ணி குடிக்காத பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் போடுங்க, அடியில தண்ணி ஓடறதுக்கு வழி விட்டுப் போடுங்க.

கேள்வி: எல்லாம் பண்ணி முடிச்சுட்டேனுங்க. மறுபடி கெடாம இருக்க என்ன பண்றது? - பொள்ளாச்சி வாசகர்

நல்ல வேலை பண்ணுனீங்க, மனசுக்கு நெறைவா இருக்குது. சீட்டு, கொக்கி எது மாட்டுனாலும் 5 மில்லி ஸ்க்ரூவுக்கு 10 மில்லி ஓட்டை போட்டு, அதை எபாக்ஸியில ரொப்பி, காஞ்சதுக்கு அப்புறம் நடுவுல ஸ்க்ரூ தடிமனை விடக் கொஞ்சம் சின்னதா ஓட்டை போடுங்க. அப்ப ஸ்க்ரூ வழியா தண்ணி எறங்குனாலும் மரத்தைத் தொடாது. நிப்பாட்டும்போது மூக்கை ஒசத்தி வெச்சு, பின்னாடி அடிமூடியைக் கழட்டி விட்டுருங்க, மழைத்தண்ணி நிக்காது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுனா உள்ள வேர்க்கும், நடுவால ஒரு மூங்கிலை வெச்சு தூக்கிக் கட்டுங்க, ரெண்டு பக்கமும் காத்து போகோணும். கழட்டுன மூடியை எஞ்சின் சாவியோடவே கோத்து வெச்சுக்கோங்க, அப்பத்தான் அடுத்த தடவை தண்ணியில எறக்கறதுக்கு முன்னாடி அதை மாட்டோணும்னு ஞாபகம் வரும்.