வீட்டு நோட்டீஸும் அப்பாவின் புறாக்களும்

அம்மா இறந்ததும் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், அப்பா வளர்த்த பந்தயப் புறாக்களை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சாவியை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில், வாடகை ஒப்பந்தம் 2012 ஏப்ரலுக்கு முந்தையது என்றால், கடைசி 12 மாதமும் அம்மாவோடு அங்கேயே வாழ்ந்த பிள்ளைக்கு அது தொடரலாம். ஆனால் அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு வந்த வீடு என்றால் அந்த ஒரே வாய்ப்பு தீர்ந்தது. இருவர் பெயரிலும் இருந்திருந்தாலும் அதே கதைதான். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. ஒப்பந்தத்தோடு ஒரு வீட்டு வசதி ஆலோசகரை உடனே பாருங்கள்.

சரி, புறாக்கள். பறந்து பழகியவற்றைப் புது இடத்தில் திறந்துவிட்டால் பழைய கூரைக்கே போய் உட்காரும். மாதக்கணக்கில் அடைத்து வைத்தாலும் நம்ப முடியாது. திறந்துவிடாமல் குஞ்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் கொடுங்கள். புறாவின் காலில் உள்ள அடையாள வளையத்தின் உரிமை மாற்றத்தைப் பந்தயப் புறாச் சங்கத்தில் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழிதவறிய புறாவுக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல ஜோடி ஒன்றின் குஞ்சுகளை உங்களுக்குத் தரும்படி இப்போதே பேசிவையுங்கள். இன்னும் பறக்காத குஞ்சு புதுக் கூட்டுக்குப் பழகிவிடும். புது வீட்டில் இடமில்லையா? கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் சில ஊர்களில் புறாக்கூட்டுக்கு அனுமதி உண்டு, கேட்டுப் பாருங்கள்.