எரியாது என்பதும் தாங்கும் என்பதும் ஒன்றல்ல: கட்டடப் பொருட்களும் தீயும் (கேள்வி-பதில்)

கேள்வி: இரும்புத் தூண், பீம் வைத்துக் கிடங்கு கட்டுகிறோம். இரும்புதான் எரியாதே, தனியாகத் தீப் பாதுகாப்பு எதற்கு?

எரியாது, ஆனால் நிற்காது. கட்டுமான எஃகு உருகுவதற்கு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் பலம் பாதியாவதற்கோ 550 முதல் 600 டிகிரியே போதும். தீத்தாங்கு சோதனைகளில் பின்பற்றும் ஐஎஸ்ஓ 834 வெப்ப வளைவின்படி, உலை 5 நிமிடத்தில் 576 டிகிரியையும் 30 நிமிடத்தில் 842 டிகிரியையும் தொடுகிறது. மறைப்பில்லாத மெல்லிய பீம் அரை மணிக்குள் தொய்ந்துவிடும் என்றே கணக்கு வையுங்கள். சூடேறும்போது அது நீளவும் செய்யும்: 10 மீட்டர் பீம் 500 டிகிரி ஏறினால் 6 முதல் 7 சென்டிமீட்டர் நீண்டு, சுவரையே வெளியே தள்ளும்.

கான்கிரீட்டால் மூடலாம், தீத்தாங்கு போர்டால் பெட்டி அடிக்கலாம், அல்லது சூட்டில் உப்பி நுரைக்கும் தீத்தடுப்புப் பெயின்ட் அடிக்கலாம். பெயின்ட்டில்தான் ஏமாற்றம் அதிகம். எத்தனை கோட் என்று கேட்காதீர்கள். காய்ந்தபின் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்று கேளுங்கள். எஃகின் தகடு மெலிய மெலியப் பூச்சு தடிக்க வேண்டும். அடியில் தயாரிப்பாளர் சொன்ன பிரைமர்தான் இருக்க வேண்டும். பிறகு யாராவது பிராக்கெட் வெல்டிங் செய்தால், கருகிய இடத்தில் அதே தடிமனுக்குத் திரும்பப் பூச வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இதுதான்.

கேள்வி: தீப்பிடித்த அறையின் ஸ்லாபில் கான்கிரீட் பெயர்ந்திருக்கிறது. மேலே பூசிவிட்டால் போதுமா?

போதாது. உள்ளே வெப்பம் எவ்வளவு ஆழம் போனது என்று தெரியாமல் பூசினால், பாதிப்பை மறைத்ததாகத்தான் ஆகும். முதலில் பெயர்ந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பல வகை ஜல்லிகள் உள்ள கான்கிரீட் 300 டிகிரி தாண்டினால் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் இருக்கும் ஆழம் வரை பலம் குறைந்ததாகக் கொள்வது வழக்கம். நிறம் மாறவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது, எல்லா ஜல்லியும் அப்படி மாறாது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடத்தில் மொத்தென்று சத்தம் வரும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் ஜல்லி திடீரென விரிவதால் உள்ளுக்குள் வெடிப்பும் விழுந்திருக்கலாம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் சாதாரண கம்பி 600 டிகிரியைத் தாண்டாதிருந்தால், ஆறியபின் பெரும்பாலான பலத்தைத் திரும்பப் பெறும். முன்னிறுக்கிய ஸ்ட்ராண்டு (இழுத்து இறுக்கி வைத்த முறுக்குக் கம்பி) அப்படியல்ல, 400 டிகிரியை ஒட்டியே நிரந்தர இழப்பு தொடங்கும். ஸ்லாபுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை வைத்துக் கோர் (துளைத்து எடுக்கும் உருளை வடிவ கான்கிரீட் மாதிரி) எடுத்துப் பாருங்கள்.

இனிக் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் படலமான கவர்தான் அதன் கவசம். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல், கம்பி ஷட்டரிங் பலகையில் படிந்து கிடந்தால், அந்த ஸ்லாபின் தீத்தாங்கும் நேரம் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: அரை அங்குல ஜிப்சம் போர்டு நெருப்பை எப்படித் தடுக்கும்?

அதற்குள் இருக்கும் தண்ணீரால். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்தில் கட்டுண்ட நீர். ஒரு சதுர மீட்டர் போர்டில் ஏறக்குறைய 2 லிட்டர். அது ஆவியாகித் தீரும்வரை போர்டின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தீர்ந்ததும் போர்டு சுருங்கி வெடிக்கும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் தீத்தாங்கு வகையில் கண்ணாடி இழை சேர்க்கிறார்கள்.

ஆனால் 'ஒரு மணி நேரம்' என்ற மதிப்பு போர்டுக்கு உரியதல்ல, சோதித்த முழுச் சுவருக்கு உரியது. ஸ்டட் (போர்டைத் தாங்கும் செங்குத்துச் சட்டம்) இடைவெளி, ஸ்குரூ இடைவெளி, ஜாயின்ட் டேப் எல்லாம் சோதனையில் இருந்தபடியே இருக்க வேண்டும். சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் சுவிட்ச் பெட்டி வெட்டினால் அங்கே தடுப்பே இல்லை.

கேள்வி: மர உத்தரம் இரும்பைவிட நன்றாகத் தாங்கும் என்கிறார்களே?

தடித்த மரமென்றால் உண்மை. மென்மரம் நிமிடத்துக்கு 0.65 முதல் 0.8 மில்லிமீட்டர் கரியாகும். அரை மணிக்கு, தீப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் 20 முதல் 25 மில்லிமீட்டர். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். மெல்லிய பலகைக்கு இந்தக் கணக்கு உதவாது. இணைப்பில் வெளியே தெரியும் போல்ட்டும் தகடும் வெப்பத்தை உள்ளே கடத்தும், அவற்றையும் மூட வேண்டும்.

கேள்வி: முகப்பு ஜன்னலுக்கு டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கிக் கடினப்படுத்தியது) போட்டால் தீயைத் தடுக்குமா?

தடுக்காது. சாதாரணக் கண்ணாடியைவிடச் சற்று நேரம் நிற்கும், பிறகு மொத்தமாக நொறுங்கும். தீத்தாங்கு சான்றுள்ள கண்ணாடியை, அதோடு சோதித்த சட்டத்துடன் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: வெளிச்சுவருக்கு ஏசிபி ஷீட் (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை), உள்ளே தெர்மகோல் வெப்பக் காப்பு. ஆபத்தா?

ஏசிபியின் நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தால் பெரிய ஆபத்து. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் குடித்த தீ, இத்தகைய தகடு வழியாகத்தான் மாடி மாடியாக ஏறியது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் எரிபொருளாகும். தெர்மகோல் 100 டிகிரியை ஒட்டியே இளகிச் சுருங்கும். வெளிச்சுவரில் ராக் ஊல் (பாறையை உருக்கி இழையாக்கிய காப்பு) போடுங்கள், தகட்டின் நடுப்பொருளுக்கு எரியாத் தன்மைச் சான்று கேளுங்கள். அடுக்குமாடியில் இதற்கு மாற்று யோசிக்கவே கூடாது.

கேள்வி: செங்கல் சுவர் இருந்தும் பக்கத்து அறைக்குப் புகை எப்படிப் போகிறது?

ஓட்டை வழியாக. சூளையில் வெந்த செங்கல் தீக்கு அஞ்சாது. பிவிசி குழாய் உருகி விழுந்தால் அதன் அளவுக்குத் துளை திறந்துவிடும். குழாயைச் சுற்றித் தீத்தடுப்புக் காலர் (சூட்டில் உப்பித் துளையை அடைக்கும் வளையம்), கேபிளைச் சுற்றித் தீத்தடுப்பு சீலன்ட் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண பியு ஃபோம் (இடைவெளியை அடைக்கும் பிளாஸ்டிக் நுரை) அடிக்காதீர்கள், அது எரியும். தீத்தடுப்புக் கதவானால் சுற்று இடைவெளி 3 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், தானே மூடும் குளோசரைக் கழற்றாதீர்கள். கதவுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவரிடம், விளிம்பில் ஒட்டியிருக்கும், சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.